பெரிய கண் சல்லடை மேலே

கற்பகத்துக்குப் பதினோரு வருஷமாக ஒரு பழக்கம். ஏலக்காய் சலிக்க உட்காருமுன் மூன்று சல்லடைகளையும் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்ப்பாள். பெரிய கண் மேலே, சின்னக் கண் அடியில். அடுக்கி முடித்த பிறகும் விளிம்பை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொள்வாள்.

"சல்லடைக்கு மாப்பிள்ளையா பாக்குற?" என்பாள் பக்கத்தில் காய் பொறுக்கும் ராக்கு. கற்பகம் சிரிப்பாள், பதில் சொல்ல மாட்டாள்.

ஒன்பதாம் வகுப்போடு நின்றவள், போடியில் ஓர் ஏலக்காய்க் கிடங்கில் வேலைக்குச் சேர்ந்தாள். கிடங்கு அலுவலகத்தில் இணையம் அடிக்கடி படுத்துவிடும். சரிசெய்ய வருகிறவர் ரவுட்டரில் எந்த ஒயரைப் பிடுங்குகிறார், திரையில் என்ன தட்டுகிறார் என்று சலித்தபடியே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவர் வரவில்லை. கற்பகம் எழுந்து போய்ச் சரிசெய்துவிட்டு, மறுபடி வந்து சலிக்க உட்கார்ந்தாள். அடுத்த மாதம் ஜெஸ்ஸியின் கணினி மையத்தில் மாலை வகுப்புக்குப் பெயர் கொடுத்தாள்.

மலை எஸ்டேட்டுகளுக்கு இணையம் கொடுக்கும் நிறுவனம் ஒன்று, நெட்வொர்க் சான்றிதழ் உள்ளவர்களைத் தேடிக்கொண்டிருந்தது. சான்றிதழ்த் தேர்வு மதுரையில். ஜெஸ்ஸி வைக்கும் செய்முறைச் சோதனையில் தேறினால்தான் அங்கே அனுப்புவாள். கற்பகம் இரண்டு முறை தவறியிருந்தாள். இது மூன்றாவது, இதுவே கடைசி.

ஒரு பிரிவின் கணினிகள் எதுவும் சர்வரைத் தொடக்கூடாது, அந்தப் பிரிவு மேலாளரின் கணினி மட்டும் தொடலாம். இதுதான் கணக்கு. கற்பகம் ரவுட்டரில் விதிகளை எழுதினாள். எல்லாக் கணினிகளும் தடைபட்டன. மேலாளரின் கணினியும் சேர்ந்து தடைபட்டது.

ஒயரை மாற்றினாள். முகவரி எண்களை ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. பதினைந்து நிமிஷமே மிச்சம்.

"அக்கா, இது காயில்ல. மொறச்சுப் பாத்தா தரம் பிரியாது," என்றான் முன்பே முடித்துவிட்ட லிங்கேஸ்வரன். இன்ஜினியரிங் படித்துவிட்டு அதே வகுப்புக்கு வருபவன்.

"உன் சோலி முடிஞ்சதுல்ல, பேசாம இரு," என்றாள் ஜெஸ்ஸி.

கற்பகம் கையை மடியில் வைத்துக்கொண்டு விதிகளை மேலிருந்து படித்தாள். முதல் வரி: பிரிவு முழுவதையும் தடு. இரண்டாவது வரி: மேலாளரை விடு.

கிடங்கில் சேர்ந்த முதல் வாரம் நினைவுக்கு வந்தது. சின்னக் கண் சல்லடையை மேலே வைத்துவிட்டு, காய் கீழே இறங்கவில்லையே என்று தோள் வலிக்க ஆட்டிக்கொண்டிருந்தாள். "மேல உள்ளதே எல்லாத்தையும் பிடிச்சுக்கிட்டா, கீழ உள்ளதுக்கு என்னத்தா சோலி?" என்று ராக்கு கேட்டாள்.

இங்கேயும் மேலாளரின் கணினி முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டது. இரண்டாவது வரிக்கு அது போய்ச் சேரவே இல்லை.

இரண்டு வரிகளையும் அழித்தாள். மேலாளரை விடும் வரியை முதலில் தட்டினாள், தடுக்கும் வரியை அதன் கீழே. மேலாளரின் கணினியிலிருந்து சர்வரை நான்கு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். நான்கு முறையும் பதில் வந்தது. பக்கத்துக் கணினியிலிருந்து கூப்பிட்டாள். பதில் இல்லை. ஏழு நிமிஷம் மிச்சமிருந்தது.

"என்ன மாத்துன?" என்றாள் ஜெஸ்ஸி.

"எடத்த மாத்துனேன் மேடம்."

ஜெஸ்ஸி மதுரைப் பட்டியலை எடுத்து அவள் பெயரை எழுதினாள்.

லிங்கேஸ்வரன் திரையை எட்டிப் பார்த்தான். "நான் மூணு தடவ அழிச்சு அழிச்சு எழுதுனேன்க்கா. எதனால சரியாச்சுன்னு இப்பத்தான் தெரியுது."

"மொறச்சுப் பாத்திருக்கணும் தம்பி," என்றாள் கற்பகம். ராக்கு அங்கே இருந்திருந்தால், கற்பகமா பதில் சொன்னாள் என்று நம்பியிருக்க மாட்டாள்.

மதுரையிலும் தேறினாள். இன்று குரங்கணிக்கு மேலே ஆறு எஸ்டேட்டுகளின் இணையம் கற்பகத்தின் பொறுப்பில் இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் ஜீப்பில் மலை ஏறுகிறாள்.