டமால் என்று ஒரே ஒரு சத்தம்

எழுபதுகளின் தொடக்கத்தில் தேர்வாய் கண்டிகைப் பக்கம் எங்கள் ஊரில் லைசென்ஸ் உள்ள துப்பாக்கிகள் ஐந்து இருந்தன. எல்லாம் பயிர்க்காவலுக்கு வாங்கியவை. எல்லாம் குழலின் வாய் வழியாக மருந்து போட்டு இடிக்கிறவை. அவற்றில் மிக நீளமானது என்னுடையது. மற்றவர்கள் கடையில் இருந்ததை வாங்கி வந்தார்கள். நான் மட்டும், அதிக தூரம் பாயட்டும் என்று சொல்லி, குழலை ஒரு முழம் கூட்டிச் செய்து வாங்கினேன். தூரம் கூடியதா என்று கேட்காதீர்கள். அதை வைத்து நான் எதையும் அடித்ததில்லை. பஸ்ஸில் ஏற்றினால் நாலு பேர் தலையில் இடிக்கும், அவ்வளவுதான்.

அடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேர்க்கடலை முற்றும்போது காட்டுப்பன்றி வரும். வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடித்தால் பத்து நாளைக்கு அந்தப் பக்கம் தலைகாட்டாது. அந்த வருஷம் எனக்கு ஒன்றரைக் காணி கடலை. பிடுங்க இன்னும் ஒரு வாரம் இருந்தது. அந்த நேரம் பார்த்துத் தேர்தல் வந்தது. தேர்தல் வந்தால் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பக் கிடைக்கும். ஒப்படைக்கக் கடைசி நாள் மறுநாள். ஆக என் கையில் ஒரு சாயங்காலம் இருந்தது. எனக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு சத்தம்.

மருந்து இடிக்கும்போது எங்கள் பக்கம் யாரும் பேசமாட்டார்கள். சாமி சம்பந்தம் ஒன்றுமில்லை. முதலில் மருந்து, அதன்மேல் தேங்காய் நார், பிறகு ரவை, மறுபடி நார். வரிசை தப்பினால் குழலுக்குள் கையை விட்டுத் திருத்த முடியாது. அதனால் இடிக்கிறவன் வாயை மூடிக்கொள்வான்; பக்கத்தில் இருப்பவர்கள் அவனிடம் மணி என்ன என்றுகூடக் கேட்கமாட்டார்கள். பள்ளிப்பட்டிலிருந்து வெல்லம் விற்க வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு, இது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்து என்ன?

“மாமா, இது எவ்ளோ தூரம் போவும்?”

“இங்க சுட்டா, ஆரம்பாக்கம் ரயில்ல போறவன் தொப்பி பறக்கும்.”

“தொப்பி போடாதவன்?”

“காத்து வருதுன்னு நெனச்சிக்கினு ஜன்னல சாத்துவான்.”

அவன் சிரித்தான். அவன் சிரிப்பது எனக்குப் பிடித்திருந்தது. நாரை உருட்டி உள்ளே விட்டுக் கம்பியால் இடித்தேன், ரவையைக் கொட்டினேன், மறுபடி நார் வைத்து இடித்தேன். மருந்து டப்பா மூடி திறக்காமல் என் முழங்காலுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.

பொழுது சாயும்போது பன்றிகள் வந்தன. பெரியது ஒன்று, பின்னால் ஏழெட்டுக் குட்டிகள். வரப்பில் நின்று துப்பாக்கியை வானத்துக்கு நீட்டி, வழக்கம்போல் கண்ணை இறுக மூடிக்கொண்டு விசையை இழுத்தேன். மருந்துக்குப் பொறி கொடுக்கும் கேப்பு மட்டும் ‘டிக்’ என்றது. வேறு கேப்பு மாட்டினேன். டிக். மச்சான் காதிலிருந்து விரலை எடுத்து, “ஆரம்பாக்கத்துல கேட்டிருக்குமா மாமா?” என்றான். பன்றிகள் ஒரு பாத்தியை முடித்துவிட்டு அடுத்த பாத்திக்குப் போயின.

வீட்டில் மனைவி டப்பாவைத் திறந்து பார்த்தாள்.

“மருந்து அப்டியே கீது. நீ இன்னாத்தப் போட்டு இடிச்ச?”

டப்பாவை வாங்கி நானும் உள்ளே பார்த்தேன்.

“வாய் ஓயாம பேசிக்கினு இருந்தியே, அதத்தான் போட்டிருப்ப.”

மருந்தில்லாமல் இடித்ததை வெடித்து வெளியே தள்ள முடியாது. முனையில் திருகு வைத்த கம்பியை விட்டு, நாரைக் குத்தி இழுக்க வேண்டும். என் கம்பியின் திருகு, போன தீபாவளிக்கு நல்லெண்ணெய் பாட்டிலின் கார்க்கைப் பிடுங்கப் போய் முறிந்திருந்தது. விடிந்ததும் மற்ற நாலு வீட்டிலும் கம்பி கேட்டேன். தாராளமாகக் கொடுத்தார்கள். நாலும் நார் இருக்கும் இடத்துக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டன. ஒன்றை மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டி உள்ளே விட்டோம். திருகு நாரை நன்றாகவே கவ்வியது. மச்சானும் நானும் சேர்ந்து இழுத்தோம். மூங்கில் மட்டும் வந்தது.

கம்பிக்குச் சொந்தக்காரர் குழலுக்குள் ஒரு கண்ணை வைத்துப் பார்த்தார். “நைனா, அது எங்க அப்பாரு காலத்துக் கம்பி” என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

மத்தியானம் கும்மிடிப்பூண்டி பஸ் ஏறினேன். ஸ்டேஷனில் ஏட்டு கேட்டார்: “காலிதானே?”

“இல்லீங்கய்யா. ரவை கீது, மருந்து இல்ல.”

“உள்ள இன்னாய்யா தெரியுது?”

“கம்பிங்கய்யா. பக்கத்து ஊட்டுக்காரருது.”

அவர் நாற்காலியோடு ஒதுங்கினார். “அந்தப் பக்கம் திருப்புய்யா!”

“வெடிக்காதுங்கய்யா. வெடிக்க மாட்டேங்குதுன்னுதான் நேத்துலேருந்து ஒரே பேஜாரு.”

காலி செய்யாத துப்பாக்கியை வாங்கக் கூடாது. அஞ்சு மணிக்குள் ஒப்படைக்காதவனை விடவும் கூடாது. இரண்டையும் அவரே சொல்லிவிட்டு, இரண்டுக்கும் நடுவில் என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார். அஞ்சு மணி நெருங்கியதும், என்ன நினைத்தாரோ, ‘தொடாதே’ என்று ஒரு தாளில் எழுதிக் குழலில் கட்டி மூலையில் தனியாகச் சாத்தினார். என் துப்பாக்கியைப் பார்த்து ஒருவர் பயந்தது அன்றைக்கு மட்டும்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடலைக் கொல்லைக்கு ஓடினேன். மனைவி வரப்பில் தகரத்தைத் தட்டிக்கொண்டு நின்றாள். பன்றிகள் அதை மேளம்போல் கேட்டுக்கொண்டே சாப்பிட்டன.

“வாயாலயாவது டமால்னு சொல்லேன். அது ஒண்ணுதான் உன்கிட்ட ரிப்பேரு இல்லாம கீது.”

சொன்னேன். இரண்டு கையையும் வாயருகே குவித்து, அடிவயிற்றிலிருந்து, “டமால்!” குட்டி ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்தது. பிறகு அதுவும் குனிந்துகொண்டது.

தொண்டை கட்டும்வரை தினமும் சாயங்காலம் அப்படிக் கத்தினேன். பிடுங்கும் நாளில் செடியைத் தொட்டதும் கையோடு வந்தது. வேரில் வெறும் மண். ஒன்றரைக் காணியிலும் குனிந்து குனிந்து பொறுக்கியதை மனைவி முந்தானையிலேயே முடிந்துகொண்டாள்.

“தம்பிகிட்ட குடுத்தனுப்பலாம்” என்றாள். “எவ்ளோ தூரம் போவும்னு கேட்டானே. பள்ளிப்பட்டு வரைக்கும் போவட்டும்.”