பதினொரு முறை வண்ணம் மாறிய கூடம்

தெல்மா க்ராடக் என்னிடம் முதன்முதலில் கேட்டது என் பெயரை அல்ல. கையில் பேரீச்சம்பழக் கேக்கோடு வேலியோரம் வந்து நின்றவள், எங்கள் சாமான்களெல்லாம் புல்தரையில் கிடந்ததைப் பார்த்துவிட்டு, "உள்ள அடிக்க விட்டாங்கன்னா என்ன கலர் அடிப்பே?" என்றாள்.

1964 ஏப்ரல் மாதம். நானும் என் கணவர் கோலினும் கடலோர ஊரான பர்னிக்குக் குடிவந்த நாள். ஊருக்கு மேலே மேட்டில், கடல் காற்று நேரே முகத்தில் அடிக்கிற வாட்டில் தெருவில், அரசாங்கம் வாடகைக்கு விட்ட வீடுகள் இருபத்திரண்டு. எல்லாம் ஒரே அச்சு. உள்ளே எல்லாச் சுவரும் க்ரீம் நிறம். எட்டு வருஷத்துக்கு ஒரு தடவை இலாகா ஆட்கள் வந்து அதே க்ரீமை அதன் மேலேயே அடித்துவிட்டுப் போவார்கள். குடியிருப்பவர்கள் பிரஷைத் தொடக்கூடாது.

"எனக்கென்னங்க தெரியும், நான் யோசிச்சதே இல்லையே" என்றேன்.

"யோசி. அவசரமில்ல. அப்புறம் இந்த வாங்க போங்க எல்லாம் வேண்டாம்" என்று கேக்கைக் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறம் நாற்பத்திரண்டு வருஷம் அடுத்தடுத்த வீட்டில் இருந்தோம்.

அவள் குவீன்ஸ்டவுன் சுரங்கத்தில் வேலை பார்த்தவரின் மகள். மழைக்கு ஒழுகும் பலகை வீட்டில் வளர்ந்தவள். அங்கே சுவர் இடுக்குகளில் காற்று வராமலிருக்க அவள் அம்மா பழைய செய்தித்தாள்களை ஒட்டி வைத்திருப்பாராம். "நான் எழுத்துக் கூட்டிப் படிச்சதே படுக்கைப் பக்கத்துச் சுவத்துலதான். பாதிக் கொலை வழக்கு இருக்கும், மீதிய எலி தின்னிருக்கும்" என்று சிரிப்பாள். அதனால்தானோ என்னவோ, வழவழவென்று ஒரே நிறத்தில் ஒரு சுவர் என்றால் அவளுக்கு உயிர்.

கடைத்தெருவில் ஹோரேஸ் பிங்கம் என்பவரின் பெயிண்ட் கடை இருந்தது. அங்கே கலர் அட்டைகள் இலவசம். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தெல்மா இறைச்சிக் கடைக்குப் போய்விட்டு அங்கே ஒரு எட்டு எட்டிப் பார்ப்பாள்.

"மிஸஸ் க்ராடக், இந்த ஊர்லயே அதிகமா அட்டை வாங்கினது நீங்கதான். பெயிண்ட் ஒரு டின்னாவது எப்ப வாங்கப் போறீங்க?"

"வாங்குறப்ப உங்க கடையிலதான் வாங்குவேன் ஹோரேஸ். அதுவரைக்கும் பொறுமையா இருங்க."

அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் இருந்தன. பிறகு இரண்டு டின், பிறகு மூன்று. சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டுகளைக் கழுவி வைத்த பிறகு, மேசையைத் துடைத்துவிட்டு அவற்றைப் பரப்புவாள். நான் தேநீரோடு போய் எதிரே உட்காருவேன். கூடத்துக்குப் பாசிப்பச்சை, அதற்கு ஒத்தாற்போல் நடைக்கு வெளிர் மஞ்சள், படுக்கையறைக்குக் கத்தரிப்பூ நிறம் என்று ஒரு வீட்டையே மேசையில் கட்டி முடிப்பாள். மறுநாள் அது கலைந்து வேறொன்று வரும். அவள் கணவன் மெர்வ் அடுப்பருகே நாற்காலியில் கால் நீட்டிக்கொண்டு, "நான் இன்னைக்கு எந்தக் கலர் வீட்டுல தூங்கப் போறேன்னு யாராவது சொல்லுங்கப்பா" என்பான். மெர்வுக்குக் காகித ஆலையில் மரக்கூழ்ப் பிரிவில் வேலை. பெரிய உருவம், மெதுவான பேச்சு.

ஒரே ஒரு தடவை அவள் விதியை மீறினாள். மெர்வின் நண்பர் ஒருவர் மீன்பிடிப் படகுக்கு அடித்தது போக மிச்சமிருந்த அரை டின் நீலத்தைக் கொடுத்திருந்தார். துணி அலமாரியின் உட்புறத்தில் மட்டும், கதவை மூடினால் தெரியாதபடி, அதை அடித்துவிட்டாள். தெருவே ஏதேதோ சாக்குச் சொல்லி வந்து பார்த்துவிட்டுப் போனது. வெள்ளைப் படுக்கை விரிப்புகள் அந்த நீலத்துக்குள் அடுக்கியிருந்தது கண்ணில் நிற்கிறது.

ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனைக்கு வருகிற டன்னிங் என்ற இலாகா அதிகாரி அந்தக் குளிர்காலத்தில் வந்தார். குழாய், ஜன்னல், அடுப்பு எல்லாம் பார்த்து எழுதிக்கொண்டே வந்தவர், அலமாரிக் கதவையும் திறந்துவிட்டார். நானும் அங்கேதான் இருந்தேன்.

மனிதர் கொஞ்ச நேரம் உள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இது என்ன மிஸஸ் க்ராடக்?"

"விரிப்பு, தலையணை உறை எல்லாம் வைக்கிறதுங்க."

"அது தெரியுதுங்க." இன்னும் கொஞ்சம் பார்த்தார். "இந்தப் பக்கம் ஈரம் ஜாஸ்தி. கதவ எப்பவும் மூடியே வைங்க." எழுதாமலேயே நோட்டை மூடிக்கொண்டு போய்விட்டார். தெல்மா அப்படியே நாற்காலியில் சரிந்து விழுந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

1982இல் அந்த வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே விற்கிறார்கள் என்று கடிதம் வந்தது. க்ராடக் குடும்பம்தான் தெருவில் முதலில் வாங்கியது. கையெழுத்துப் போட்ட வெள்ளிக்கிழமையே மெர்வ் இரண்டு ரோலர், நாலு பிரஷ், உப்புத்தாள் கட்டு, தரையில் விரிக்கப் பழைய கேன்வாஸ் எல்லாம் கொண்டுவந்து கூடத்தில் இறக்கினான்.

"சொல்லு தெல்மா. நாளைக்குக் காலைல ஆரம்பிச்சிரலாம். என்ன கலர்?"

தெல்மா வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

முதலில் நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அட்டையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது, சுவரில் அடித்துத்தான் பார்க்க வேண்டும் என்றாள். சரிதானே. ஹோரேஸிடமிருந்து சின்னச் சின்ன டின்களாக வாங்கி, கூடத்துச் சுவரில் கைக்குட்டை அளவுக்கு ஒரு சதுரம் அடித்தாள். காலையில் நன்றாயிருந்தது, மாலையில் அழுது வடிந்தது. பக்கத்தில் இன்னொன்று. மழை நாளில் பார்க்க ஒன்று, கணப்பு எரியும்போது பார்க்க ஒன்று. கிறிஸ்துமஸ் வந்தபோது பதினேழு சதுரங்கள். அடுத்த கிறிஸ்துமஸுக்கு முப்பதைத் தாண்டிவிட்டது.

"சுவத்துக்கு அம்மை போட்டிருக்கு. யாரும் கிட்டப் போகாதீங்க" என்று மெர்வ் வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். அவர்கள் மகள் ஜெனீனுக்கு நிச்சயம் நடந்ததும் அந்தக் கூடத்தில்தான். புகைப்படத்தில் மாப்பிள்ளை தலைக்குப் பின்னால் நாலு வித மஞ்சள் இருக்கும். "ஏம்மா, ஒண்ணைத் தொட்டுச் சொல்லிட வேண்டியதுதானே, மானம் போகுது" என்று ஜெனீன் கத்தினாள். தெல்மா சிரித்து மழுப்பினாள். ஆனால் சாயங்காலங்களில் அட்டை டின்களைத் திறப்பதை அவள் நிறுத்தியிருந்தாள். நான் அதைக் கவனித்தேன்.

மெர்வ் பொறுமைசாலி. ஆனாலும் இரண்டாவது வருஷம் குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை அவனுக்கும் பொறுமை போய்விட்டது. பெரிய டின் ஒன்றைக் கொண்டுவந்து கூடத்து நடுவில் வைத்தான். க்ரீம்.

"இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீ சொல்லு. சொல்லலன்னா நாளைக்கு இத அடிச்சிட்டு நான் நிம்மதியா ஃபுட்பால் பாக்கப் போறேன்."

தெல்மா பின்பக்கம் வந்துவிட்டாள். துணி எடுக்கப் போன நான் அவளை வேலியோரம் பார்த்தேன். அழுதுகொண்டிருந்தாள். அம்மா செத்ததற்கே என் முன்னால் அழாதவள்.

"என்னடி தெல்மா இது, ஒரு பெயிண்ட்டுக்குப் போயி?"

"பெயிண்ட்டுக்கு இல்ல நோர்." நோரீன் என்ற என் பெயரை அவள் மட்டும் அப்படிக் குறுக்குவாள். "இருபது வருஷமா தினமும் இந்த வீட்டுக்கு ஒவ்வொரு கலரா அடிச்சுப் பாத்துட்டேன். பச்சைல இருந்திருக்கேன், நீலத்துல இருந்திருக்கேன். இப்ப ஒண்ணு அடிச்சா அது ஒண்ணுதான். மத்த அத்தனை வீடும் போயிடும். அத நெனச்சா பிரஷையே தொட முடியல."

அப்போதுதான் மெர்வ் விறகுக் கொட்டகைப் பக்கம் நிற்பதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். மெதுவாக வந்து, தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"ஏம்மா, இது பெயிண்ட்தானே? பச்சை குத்திக்கிறது இல்லையே."

"உனக்குப் புரியாது மெர்வ்."

"புரியாமதான் இருக்கட்டும். ஒண்ணு அடிப்போம். அலுத்துப் போச்சுன்னா அது மேல இன்னொண்ணு அடிப்போம். அதுவும் அலுத்துச்சுன்னா இன்னொண்ணு. எனக்குக் கை இருக்கு, சனிக்கிழமை இருக்கு. எத்தனை தடவைன்னாலும் அடிக்கிறேன். ஆனா இன்னைக்கு ஒண்ணு சொல்லிடு, தாயே."

அவள் சமையலுக்குக் கட்டியிருந்த ஏப்ரனால் மூக்கைத் துடைத்தாள். "பாசிப்பச்சை" என்றாள்.

"எது? ஜன்னலுக்குக் கீழ இருக்கே, அதுவா?"

"இல்ல, கதவுப் பக்கத்துல இருக்கறது. அந்தக் கீழ இருக்கறது தவளை மாதிரி இருக்கு."

மறுநாள் ஃபுட்பாலுக்கு மெர்வ் போகவில்லை. திங்கட்கிழமை கூடம் பச்சையாக இருந்தது. க்ரீம் டின்னை கோலின் வாங்கிக்கொண்டு போய் எங்கள் கோழிக் கூண்டுக்கு அடித்தார்.

மெர்வ் சொன்ன சொல் தவறவில்லை. சமையலறைக்கு ஒரு மஞ்சள் அடித்தார்கள். "முட்டைக்குள்ள உக்காந்து முட்டை சாப்பிடற மாதிரி இருக்கு" என்று அவன் ஒரு மாதம் புலம்பினான், பிறகு அதுதான் நல்ல கலர் என்று ஊரெல்லாம் சொன்னான். மற்ற அறைகள் அப்படி அப்படியே நின்றுவிட்டன. கூடம்தான் நிற்கவில்லை. ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம், அவ்வளவுதான். தெல்மா நாற்காலியில் உட்கார்ந்து சுவரையே பார்க்க ஆரம்பித்துவிட்டாள் என்றால், மெர்வ் எழுந்து போய் ஏணியைத் தேடுவான்.

எங்கள் தெருவில் காலண்டர் தேவைப்படவில்லை. ஆலையில் வேலைநிறுத்தம் நடந்து ஆண்களெல்லாம் வீட்டில் உட்கார்ந்திருந்தது வெங்காயத்தோல் நிறத்தில். ஜெனீனின் முதல் குழந்தை தவழ்ந்தது பீச் பழ நிறத்தில். கோலின் இறந்த வருஷம் வெளிர் நீலம். இறுதிச் சடங்குக்குப் பிறகு என்னை என் வீட்டில் தனியே விடாமல் அந்த நீலக் கூடத்து சோபாவில்தான் மூன்று வாரம் படுக்க வைத்திருந்தாள். தினமும் சிப்பிக் கறி அடைத்துச் சுடுகிற ஸ்காலப் பை செய்து, சாப்பிடுகிற வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். அந்த வருஷம்தான் என் சமையலறைக்கும் அவளே கலர் பார்த்துக் கொடுத்தாள். "முப்பது வருஷமா கேட்டுக்கிட்டிருக்கேன், இன்னும் நீ பதில் சொல்லல" என்றாள்.

தெருவில் வீடு வாங்கிய அத்தனை பேருக்கும் அவள்தான் கலர் பார்த்தாள். இளசுகள் வந்து கேட்டால், அட்டையைக் காட்டமாட்டாள். போய் அவர்கள் வீட்டில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருப்பாள். வெயில் எந்தப் பக்கம் வருகிறது, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று பார்ப்பாள். பிறகுதான் சொல்வாள்.

பத்தாவது தடவை அடித்தது கத்தரிக்காய் நிறம். பத்திரிகையில் பார்த்து ஆசைப்பட்டது. இருவருக்கும் பிடிக்கவில்லை. "அடிபட்ட கன்னம் மாதிரி இருக்கு" என்றான் மெர்வ். அப்போது அவனுக்கு அறுபத்தொன்பது வயது, முழங்கால் இரண்டும் தேய்ந்திருந்தது. வசந்தம் வந்ததும் மாற்றலாம் என்றார்கள். எங்கள் பக்கம் வசந்தம் தொடங்குகிற செப்டம்பரில், 1999இல், ஒரு சனிக்கிழமை, கோதுமை வைக்கோல் போன்ற ஒரு மஞ்சளை எடுத்து ஆரம்பித்தான். இரண்டு சுவர் முடிந்தது. "மீதி நாளைக்கு" என்று ரோலரைக் கழுவி வைத்தான். மறுநாள் காலை விறகு எடுக்கப் போன இடத்தில் விழுந்தான். ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தான்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் பாதி கத்தரிக்காயும் பாதி வைக்கோலுமாக இருந்த அந்தக் கூடத்தில் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். ஆள் வைத்து முடித்துவிடலாம் என்று ஜெனீன் இரண்டு தடவை சொன்னாள். தெல்மா, "இருக்கட்டும்" என்றாள். நவம்பர் போயிற்று, கிறிஸ்துமஸ் போயிற்று.

ஜனவரியில் ஒரு காலை என் கதவைத் தட்டினாள்.

"நோர், உன்கிட்ட இருக்கறதுலயே பழைய கவுனைப் போட்டுக்கிட்டு வா."

"எதுக்குடி?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியும்."

அவளுக்கு அறுபத்தேழு, எனக்கு அறுபத்தைந்து. ஏணியில் நான் ஏற, அவள் பிடித்துக்கொண்டாள், பிறகு அவள் ஏற நான் பிடித்துக்கொண்டேன். மெர்வ் மிச்சம் வைத்த டின் ஒரு சுவருக்குத்தான் வந்தது. ஹோரேஸ் கடை கைமாறி அப்போது பல வருஷம் ஆகியிருந்தது. புதியவர்கள் அதே எண்ணைப் பார்த்துத்தான் கலந்து கொடுத்தார்கள், ஆனால் கடைசிச் சுவர் காய்ந்ததும் ஒரு சாயை கூடுதலாகத் தெரிந்தது. அதோடு நாங்கள் அடித்த லட்சணம் வேறு. ஓரங்களில் கூரை வரை ஏறியிருந்தது, ஒரு இடத்தில் ஒழுகிக் காய்ந்திருந்தது.

கேன்வாஸ் மேல் உட்கார்ந்து சாசேஜ் ரோல் தின்றுகொண்டே இருவரும் பார்த்தோம்.

"இன்னொரு கோட்டு அடிச்சா சரியாயிடும்" என்றேன்.

"வேண்டாம்" என்றாள் தெல்மா. "அந்தப் பக்கம் அவன் அடிச்சது, இந்தப் பக்கம் நாம அடிச்சது. தெரிஞ்சா தெரியட்டும். நேர்கோடா அடிக்கறதுக்கு அவன் எப்படி மெனக்கெட்டான்னு இப்பதான் எனக்குத் தெரியுது." கொஞ்சம் பொறுத்து, "ஒரு தடவை கூட அவனுக்கு என்ன கலர் பிடிக்கும்னு நான் கேக்கல நோர்" என்றாள். அவள் தோளில் கை போட்டுக்கொண்டேன், என் கை பெயிண்ட் அவள் தலைமுடியில் ஒட்டியது.

அந்தக் கூடத்தை அவள் பிறகு மாற்றவே இல்லை. ஆறு வருஷம் அந்த மஞ்சளில் இருந்தாள், 2006இல் தூக்கத்தில் போனாள்.

இப்போது அங்கே ஜெனீன் இருக்கிறாள். வீடு முழுக்க வெள்ளை. குறை சொல்லமாட்டேன், வெளிச்சமாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தேநீருக்குக் கூப்பிடுகிறாள், போகிறேன். போன வாரம் அவள் பேரன் தரையில் ரயில் விட்டுக்கொண்டிருந்தான். ஜெனீன் கேக்கை வெட்டிக்கொண்டே, "அப்பா இந்த ஜன்னல்ல விரலை நசுக்கிக்கிட்டது எந்த வருஷம், ஞாபகம் இருக்கா நோரீன்?" என்று கேட்டாள்.

வருஷம் எனக்கு ஞாபகமில்லை. "பீச் கலருக்கு அப்புறம், நீலத்துக்கு முன்னாடி" என்றேன். அவளுக்குப் புரிந்தது.