முழங்காலைப் பார்த்துப் பேசியவர்

மணாலியில் நான்கு நாள் விழுந்து எழுந்ததை வைத்துக்கொண்டு, ‘பனிச்சறுக்கில் நான் நடுத்தர ரகம்’ என்று சொல்லித் திரிந்த மடையன் நான். அந்த வீறாப்பில், படூரில் கணினிக் கம்பெனிகள் முளைத்த காலத்தில், அலுவலக நண்பர்கள் நால்வரை, பத்ரிநாத் போகும் வழியில் பனிச்சறுக்குக்குப் பேர்போன ஔலிக்கு மூன்று நாள் அழைத்துப்போகக் கிளம்பினேன்.

பயண ஏற்பாட்டுக்குச் செங்கல்பட்டில் ஒருவரைப் பிடித்தோம். தொப்பை, நரைத்த மீசை, காதில் பென்சில். சறுக்குக் கட்டையை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. திருக்கழுக்குன்றத்துப் பெரியவர்களை ஆண்டுதோறும் பத்ரிக்குக் கூட்டிப்போகிறவர். அந்தப் பழக்கத்தில், யாரிடம் பேசினாலும் முகத்தைப் பார்க்காமல் முழங்காலையே பார்ப்பார்.

“யாருக்கு முட்டி வலி? யாரு பயந்துகினு கீறாங்க?”

நால்வரில் முரளி கை தூக்கினான். மணாலியில் அவனைப் பாதிச் சரிவில் விட்டுவிட்டு நான் இறங்கிவிட்டேன். இந்த முறையும் தனியாக விடுவதானால் வரவே மாட்டேன் என்று சொல்லியிருந்தான்.

“காலைல அவங்கவங்க தோதுக்குப் பிரிஞ்சு போங்க. சாப்ட்டப்புறம் எல்லாரும் இந்த சாரோட சின்னச் சரிவுலதான். பத்ரிலயும் முட்டி வலிக்காரருதான் எங்களுக்கு லீடரு” என்றவர், தாளில் ‘வாத்தியார் ஒருவர்’ என்றும் எழுதினார்.

முரளிக்கு முகமெல்லாம் சிரிப்பு. “அப்ப நான் வர்றேன்டா!”

எங்கள் யாருக்கும் தோன்றாத அந்த அக்கறை எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அன்றோ பொறாமை. “முரளிக்கு வாத்தியார் எதுக்குங்க? நானே கத்துக்குடுப்பேன்” என்று முழங்காலை மடக்கிச் சறுக்கிக் காட்டினேன். நல்லவேளை, பெஞ்சு தாங்கிப் பிடித்தது.

“வாத்தியாரு உங்களுக்கு, சார்.”