திரும்பிப் பார்க்காத நடுவர்

என் கடைக்கு வந்து கூடைப்பந்து பேசுகிறவர்களுக்கு ஒரு குணம் உண்டு. ஆட்டத்தின் முக்கால் பாகத்தில் நடுவர் என்ன செய்தார் என்று ஒருவருக்கும் நினைவிருக்காது. கடைசி நிமிடத்தில் அவர் ஊதியதும் ஊதாததும் மட்டும் ஆளாளுக்கு மனப்பாடம். இழுத்து ஆற்றிய தே தாரிக் டீ ஆறி ஆடை கட்டிப்போகும், வாய் மட்டும் ஓயாது. பினாங்கு ரைஃபிள் ரேஞ்ச் அடுக்குமாடிக்குக் கீழே ரொட்டி சானாய் என்ற பரோட்டா போடுகிற சிக்கந்தர் நான். இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. ஆனால் நல்லமுத்துவைப் பற்றி அவர்கள் பேசியபோது காது புளிக்கவில்லை, வயிறு எரிந்தது.

நல்லமுத்து கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறவன். விடியும்போது மோட்டார் சைக்கிளில் கடல் பாலம் ஏறினால் பொழுது சாயும்போது திரும்புவான். வார இறுதியில் கல்லூரி ஆட்டங்களுக்கு நடுவர். சீனப் பிள்ளைகள் அதிகம் ஆடுகிற ஆட்டம் இது. ஒரு தமிழன் விசிலோடு வந்து நின்றால் முதலில் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். பிறகு பயிற்சியாளர்களே அவனைக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள், அவன் ஊதினால் வாயை மூடிக்கொண்டு போய்விடலாம் என்பதால். மோட்டார் சாவியோடு விசிலையும் கோர்த்து வைத்திருப்பான். தீபாவளிக்கு வேட்டி கட்டினாலும் இடுப்பில் அது இருக்கும்.

நியாயம் பார்ப்பதில் அவனோடு குடும்பம் நடத்துவது கஷ்டம். பசியோடு வருகிறானே என்று அவன் தட்டை முதலில் வைத்தால், "அவரு எனக்கு முன்னாடி வந்தாருண்ணே" என்று பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவான். அந்த ஆள் கேட்டிருக்கவே மாட்டான். எனக்குக் கோபம் வரும். இருந்தாலும் அவனைப் பிடிக்கும்.

அவனுக்கும் ருக்குமணிக்கும் ஒரே மகள், மோகனா. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பந்தோடுதான் இருந்தாள். அவள் ஆடுகிற போட்டிக்கே இவன் நடுவராகப் போக வேண்டிய நாட்கள் வந்தபோது வீட்டில் ஒரு சட்டம் போட்டான்.

"கோட்டுக்குள்ள வந்துட்டா நான் அப்பா இல்ல. ரெஃப். புரியுதா?"

அவளுக்கு அது ஒரே வேடிக்கை. சட்டத்தை அப்படியே பிடித்துக்கொண்டாள். கோட்டுக்குள் மட்டுமில்லை, என் கடையிலும் அதே கூத்துதான். "ரெஃப், ரொட்டிக்கு டால்சா குழம்பு போதுமா?" என்பாள். "ஃபவுல்! கை கழுவாம சாப்பிடுற" என்பான் இவன். கோபம் வந்தால் மட்டும் "அப்பா" என்று இழுத்துக் கூப்பிடுவாள். அந்த ஒரு சொல்லுக்கு இவன் உருகிப்போவதை நானே பார்த்திருக்கிறேன்.

போன வருடம் கல்லூரிகளுக்கிடையே பெண்கள் இறுதியாட்டம். மோகனாவின் கல்லூரியும் வந்திருந்தது. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருவார்கள் என்ற பேச்சும் இருந்தது. நல்லமுத்து அன்றைக்கு நடுவர் இல்லை. ருக்குமணியோடும் என்னோடும் பார்வையாளர் வரிசையில் கச்சான் கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தான். கடையை என் மனைவி சலேஹாவிடம் விட்டுவிட்டு நானும் போயிருந்தேன்.

புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வர வேண்டிய நடுவர் வரவில்லை. பாலத்தில் லாரி கவிழ்ந்து ஜாம். இன்னொரு நடுவர் ஹஸ்ருல் மட்டும் தனியாக நின்றார். பினாங்கில் நடுவர்கள் அத்தனை பேர் இல்லை, இருக்கிறவர்களை எல்லோருக்கும் தெரியும். ஏற்பாட்டாளர் நேராக நல்லமுத்துவிடம் வந்தார். எதிரணிப் பயிற்சியாளரே, "மகள் ஆடினால் என்ன, முத்துதானே, எனக்குச் சம்மதம்" என்று மலாயில் சொல்லிவிட்டார். அந்தப் பேச்சில்தான் இவன் விழுந்தான். ருக்குமணி கையைப் பிடித்தாள்.

"வேணாங்க. இன்னைக்கு ஒரு நாள் அப்பாவா உக்காந்து பாருங்களேன்."

"ஆளில்லாம ஆட்டத்த நிறுத்திடுவாங்க ருக்கு. பிள்ளைங்க பாவம் லா."

யாரிடமோ நடுவர் போடும் சாம்பல் நிறச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினான்.

இந்த ஆட்டத்தில் இரண்டு நடுவர்களுக்கும் ஆளுக்கொரு பாகம். ஒருவர் கூடைக்கு அடியில் நிற்பார், மற்றவர் நடுக்கோட்டுப் பக்கம். ஒருவர் பாகத்தில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை. பந்து மறுபக்கம் போனால் இருவரும் கூடவே ஓட வேண்டும். கடைசி நொடிகளில் மோகனாவின் அணி ஒரு புள்ளி பின்தங்கியிருந்தது. மோகனா பந்தோடு புகுந்து எம்பினாள். கூடைக்கு அடியில் நின்றது நல்லமுத்து. அவள் இறங்கும் இடத்தில் எதிரணிப் பெண்ணின் பாதம் வந்து நுழைந்தது. மோகனா கால் மடங்கி விழுந்தாள். விசில் வரவில்லை.

பந்து எதிரணி கைக்குப் போனது. அவர்கள் மறுபக்கம் ஓடினார்கள். நல்லமுத்துவும் ஓடினான். சங்கு ஊதி ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் முதலில் மேசைக்குப் போய்ப் புள்ளிக்கணக்கைச் சரிபார்க்க வேண்டும். அதையும் செய்தான். அதற்குள் ருக்குமணி கீழே ஓடி மகளின் தலையை மடியில் எடுத்து வைத்திருந்தாள். இவன் வந்து குனிந்தபோது மோகனா முகத்தை அம்மாவின் புடவைக்குள் திருப்பிக்கொண்டாள்.

முழங்காலுக்குள் தசைநார் அறுந்துவிட்டது. அறுவை சிகிச்சை நடந்தது. நடக்கலாம், ஆனால் ஆட முடியாது என்றார்கள்.

அதற்குப் பிறகுதான் என் கடையில் நீதிமன்றம் கூடியது. யாரோ மேல்வரிசையிலிருந்து எடுத்த வீடியோ ஒன்று எல்லார் கைப்பேசிக்கும் வந்து சேர்ந்தது. காப்புறுதி விற்கிற சுகுமாரன்தான் தலைமை நீதிபதி. திரையை விரலால் நிறுத்தி நிறுத்தி, "இங்க பாருங்க, இறங்குற எடத்த குடுக்கல. சுத்தமான ஃபவுல்" என்பான். இன்னொருவன், "அதுக்கு முன்னாடியே மோகனா ஒரு ஸ்டெப் அதிகமா வச்சிருச்சி லா, அதுவும் தப்புதான். அதையும்தான் ஊதல. கணக்கு நேராயிருச்சி" என்பான். பிள்ளையின் முழங்கால் போய்க் கிடக்கிறது, இவனுக்குக் கணக்கு நேராகிறது. தோசைக்கரண்டியால் ஒன்று போடலாமா என்றிருக்கும். வாடிக்கையாளர் ஆயிற்றே என்று கல்லை மட்டும் சுரண்டுவேன். தொலைக்காட்சி அலறுகிற கடை இது, வீடியோவின் சத்தம் யாருக்கும் கேட்காது. அதனால் சத்தத்தை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும்தான் பார்த்தார்கள்.

நல்லமுத்து அதே கடைக்குத்தான் வந்தான், அதே நாற்காலியில்தான் உட்கார்ந்தான். அவனிடமே கேட்பார்கள். "என் பாகம். நான் ஊதல" என்பான். சாவிக்கொத்தில் விசில் இல்லை. பிறகு எந்த ஆட்டத்துக்கும் அவன் போகவில்லை.

ஒருநாள் கை கழுவ வந்தவன் குழாயைத் திறந்தபடியே நின்றான்.

"கால் உள்ள போனத பாத்தேண்ணே. வேற வீட்டுப் பிள்ளையா இருந்தா ஊதியிருப்பேன். நம்ம பிள்ளைக்கு ஊதினா என்ன சொல்லுவாங்கன்னு ஒரு நெனப்பு வந்துச்சி. அந்த நேரத்துல விசில் வாயிலயே நின்னுடுச்சி."

குழாயை மூடினேன். "இத அவகிட்ட சொன்னியா?" என்றேன்.

"சொன்னேன். 'அது தெரியும்'னு சொல்லிட்டு ரூமுக்குப் போயிட்டா."

வீட்டு நிலவரத்தை ருக்குமணிதான் சொல்லி அழுதாள். மோகனா அப்பாவோடு சண்டை போடவில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாள், தண்ணீர் கொண்டுவந்து வைப்பாள். ஆனால் கூப்பிடுவதில்லை. அப்பா என்றும் இல்லை, ரெஃப் என்றும் இல்லை. "அம்மா, சாப்பிட வரச் சொல்லுங்க." "மோட்டார் சாவி மேசைல இருக்கு." எல்லாம் மொட்டையாகத்தான். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்வான், இதை அவனால் தாங்க முடியவில்லை என்றாள். விசில் ஊதாத கோபம் இத்தனை மாதம் நிற்குமா என்று நானும் மனதுக்குள் மோகனாவைக் கொஞ்சம் கடிந்துகொண்டேன்.

பிறகு ஒரு ஞாயிறு மத்தியானம் பேய் மழை பெய்து மின்சாரம் போனது. காற்றாடி நின்றது, தொலைக்காட்சி வாயை மூடியது. மழையும் தூறலாக ஓய்ந்தபின் கடை முழுக்க ஒரே அமைதி. சுகுமாரனுக்கு அன்றைக்குப் புதிதாக ஒரு சந்தேகம். மோகனா விழுந்து எத்தனை நொடியில் சங்கு ஊதியது? அதைத் தீர்க்க முதல் தடவையாகச் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

காலணிகள் கீச்சிடுவது கேட்டது. கூட்டத்தின் இரைச்சல். தொப்பென்று ஓசை. அடுத்து ஒரு பெண் குரல்.

"அப்பா!"

இன்னொரு தடவை, இன்னும் பெரிதாக, "அப்பா!"

நான் எட்டிப் பார்த்தேன். படத்தில் சாம்பல் சட்டைக்காரன் முதுகைக் காட்டிக்கொண்டு மறுபக்கம் ஓடுகிறான். தலைகூடத் திரும்பவில்லை. சுகுமாரனின் விரல் திரையின் மேலேயே நின்றுவிட்டது. பக்கத்து மேசையில் நல்லமுத்து ரொட்டியைப் பிய்த்த கையோடு உட்கார்ந்திருந்தான்.

"எனக்குக் கேட்டுச்சிண்ணே" என்றான் என்னைப் பார்த்து. "அன்னைக்கே கேட்டுச்சி. கோட்டுக்குள்ள அவ அப்பான்னு கூப்பிட்டதே இல்ல. ஆட்டம் ஓடிக்கிட்டு இருந்துச்சி..."

கை கழுவாமல் எழுந்து மழையில் நடந்து போனான். சுகுமாரன் வீடியோவை அழித்தான். அவன் கண்ணும் கலங்கியிருந்ததைப் பார்த்தேன், அதற்காகவே அன்றைக்கு அவனை மன்னித்தேன். என் கண்ணீரும் நிற்கவில்லை. எனக்கும் இரண்டு பெண்கள்.

மறுநாள் மோகனா வீட்டுக்கு எடுத்துப்போக மீ கோரெங் நூடுல்ஸ் தாப்பாவ் வாங்க வந்தாள். லிஃப்ட் வேலை செய்யவில்லை, படிக்கட்டில் கைப்பிடியைப் பற்றி ஒவ்வொன்றாக இறங்கி வந்திருந்தாள். பொட்டலம் கட்டிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"ஏம்மா, ஒரே ஒரு தடவ கூப்பிட்டுடேன். மனுஷன் செத்துக்கிட்டிருக்கான்."

அவள் கோபப்படவில்லை. பொட்டலத்தையே பார்த்தாள்.

"ஃபவுல் குடுக்கலன்னு எனக்குக் கோவமே இல்ல மாமா. அவரு அப்படித்தான்னு எனக்குத் தெரியாதா? வலியில என்னையறியாம அப்பான்னு கத்திட்டேன். ரெண்டு தடவ. திரும்பியே பாக்கல."

"இப்ப திரும்புவான்மா."

"வாய் வரைக்கும் வருது மாமா. இப்பவும் கூப்பிட்டு, அதுக்கும் திரும்பலன்னா நான் என்ன பண்ணுவேன்?"

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு மெல்லப் போனாள்.

இந்த அடுக்குமாடியில் பிள்ளைகளுக்குப் பஞ்சமில்லை. சாயங்காலமானால் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஏதாவது ஒரு பிள்ளை கீழே எட்டிப் பார்த்து "அப்பா" என்று கத்தும். ஐஸ்கிரீம் வேண்டும், பந்து விழுந்துவிட்டது, அம்மா கூப்பிடுகிறாள் என்று ஏதாவது இருக்கும். அந்தந்த அப்பன்மார்கள் பாதி நேரம் காதிலேயே வாங்கமாட்டார்கள்.

நல்லமுத்து வாங்குகிறான். வேலை முடிந்து வந்து உட்கார்ந்தால் எந்தப் பிள்ளை கத்தினாலும் டீயைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறான். மலாய்ப் பிள்ளைகள் தங்கள் மொழியில் "அப்பா" என்றால் "என்ன" என்று அர்த்தம். அதற்கும் திரும்புகிறான். பார்த்துவிட்டுத் தனக்கில்லை என்று தெரிந்து மறுபடி டீயை எடுப்பான். குடிப்பதற்குள் இன்னொரு குரல் வரும்.

நேற்று அவன் அப்படித் திரும்பியபோது நானும் கூடவே மேலே பார்த்தேன். கத்தியது நல்லமுத்துவின் மாடிப் பையன் ஒருவன். அவனுக்கு இரண்டு கதவு தள்ளி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு மோகனா நின்றிருந்தாள். அப்பா திரும்புவதை அவள் பார்த்தாள். அவன் அவளைப் பார்த்தான். அவள் உதடு பிரிந்தது. நான் கல்லில் ரொட்டி கருகுவதையும் மறந்து நின்றேன்.

"மாமா," என்று என்னைக் கூப்பிட்டாள். "அவரு டீ ஆறிப்போச்சி. வேற ஒண்ணு போட்டுக் குடுங்க."