ஊமை வண்டி

சத்தம் அடங்கிவிட்டால் பயமும் அடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆலிக்கோயா தம் பழைய ஆம்னி வேனின் பக்கக் கதவை இழுத்துச் சாத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்தக் கேள்வி வந்தது. தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறிக்கொண்டிருக்கும் பூனையின் குரல், கதவு பொருந்தியதும் நின்றுவிடும். படிப்படியாகக் குறைவதில்லை. பாதி அலறலில் நிற்கும்.

கோழிக்கோட்டில் குற்றிச்சிறைப் பக்கம் பூனையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். ஐம்பத்தெட்டு வயது. வெள்ளிக்கிழமைகூட அத்தர் பூச மாட்டார். "அதுங்க மூக்கு நம்ம மூக்கு மாதிரியா? மயக்கம் போட்டுடும்" என்பார். மூன்று நாள் முன்னதாகவே கூடையைக் கொண்டுவந்து வீட்டில் வைத்துவிட்டுப் போவார். வீட்டுக்கார அக்காவிடம், அவர் உடுத்திக் கழற்றிய துணி ஒன்றை அதற்குள் போடச் சொல்வார். "துவைச்சது வேண்டாம் இத்தா. உங்க வேர்வைதான் அதுக்கு வீடு." கிளம்புவதற்கு முந்தைய மூன்று மணி நேரம் தீனி கிடையாது. கூடையைக் கைப்பிடியில் தூக்கி ஆட்டிக்கொண்டு வருபவர்களைக் கண்டால் அவருக்குக் கோபம் வரும். "உன்னைக் கட்டிலோட தூக்கி ஆட்டினா நீ சும்மா கிடப்பியாடா?" அவர் எடுத்தால் அடியில் இரண்டு கையையும் கொடுத்து நெஞ்சோடு அணைத்துத்தான் எடுப்பார். மேலே துண்டைப் போர்த்தி, பின்னால் கறுப்பு ரப்பர் விரித்த தரையில் வைப்பார். ரேடியோ கிடையாது. ஹாரன் அடித்து நான் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குள் நாய்கள் காத்திருக்கும் என்பதால், முறை வரும்வரை பூனை வண்டியிலேயே இருக்கும்.

இதெல்லாம் ஒழுங்கான வேலை. யார் செய்தாலும் பூனை கொஞ்சம் அடங்கும். ஆனால் பதினொரு வருடத்தில் ஒரு பூனைகூட அந்த வண்டிக்குள் வாய் திறந்ததில்லை என்பதற்கு இந்த வேலைகள் போதுமான காரணம் என்று எனக்குத் தோன்றியதில்லை. ஊமை வண்டி என்று ஊர் அதற்குப் பெயர் வைத்தது. அவருக்கு அதில் பெருமைதான். வண்டி முன்பு யாருடையது என்று கேட்டால் மட்டும், "ஒருத்தரோடது" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போவார்.

நான் குடியிருக்கும் மாடிக்குக் கீழே நஃபீசத்தா இருக்கிறார். கணவர் இறந்து, மகள் ஷார்ஜாவுக்குப் போன பிறகு அவருக்கு மிச்சமிருப்பது ஹல்வா. ஆரஞ்சு நிறத்தில், பஞ்சுமூட்டை போன்ற ஆண் பூனை. போன மே மாதம் அதற்கு மூத்திரம் அடைத்துக்கொண்டது. குழாய் விட்டு எடுத்தார்கள். மறுபரிசோதனைக்குப் போய்வந்த மறுநாள் திரும்பவும் அடைத்தது. மறுபடியும் குழாய். இன்னொரு தடவை அடைத்தால் உடம்பு தாங்காது என்று சொல்லியனுப்பினார்கள். போக, வர எல்லாம் ஊமை வண்டிதான்.

அடுத்த பரிசோதனைக்கு நானும் துணைக்குப் போனேன். அன்று புதிதாக வந்திருந்த டாக்டர் ஷம்னா, "உள்ளே கொண்டுவர வேண்டாம், நானே வண்டிக்கு வர்றேன்" என்று வந்து துண்டை விலக்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"நல்லா அமைதியா இருக்கு, இல்லையா மோளே?" என்றார் ஆலிக்கோயா.

"அமைதியா? கண்ணைப் பாருங்க கோயாக்கா. கருமணி எவ்வளவு விரிஞ்சிருக்கு! வெயில்ல இப்படி இருக்குமா?" ஹல்வாவின் முன்காலைத் தூக்கி அவர் விரலில் வைத்தாள். பாதம் ஈரமாக இருந்தது. "பயந்தா பூனைக்குப் பாதத்துலதான் வேர்க்கும். இது உறைஞ்சு போய்க் கிடக்கு. கத்தறதுக்குக்கூட பயப்படுது. இந்தப் பயமே மறுபடியும் அடைப்பைக் கொண்டுவரும்."

நஃபீசத்தா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "அப்ப ஒவ்வொரு தடவையும் நாமதான் இதைக் கொன்னுக்கிட்டு இருந்தோமா கோயா?"

ஆலிக்கோயா ஈரமான விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "பதினொரு வருசம்" என்றார்.

ஹல்வாவைச் சாயங்காலம்வரை அங்கேயே வைத்திருக்கச் சொன்னார்கள். நஃபீசத்தா கூடவே இருந்துவிட்டார். ஆலிக்கோயா சாவியை என்னிடம் நீட்டினார். "நீங்க ஓட்டுங்க சாரே. நான் பின்னால உக்கார்றேன்." இருக்கையில் உட்காரவில்லை. கூடை வைக்கும் இடத்தில், ரப்பர் தரையில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கதவை நான்தான் சாத்தினேன்.

அவர் ஓயாமல் தொண்டையைச் செருமுகிற ஆள். அந்தச் செருமல் இல்லை. கல்லாயிப் பாலம் ஏறும்போது, "கோயாக்கா" என்றேன். பதில் இல்லை. பட்டப்பகல், சுற்றிலும் லாரிகள், பேருந்துகள். அந்தச் சத்தமெல்லாம் எங்கோ தூரத்தில் கேட்பது போலிருந்தது. கண்ணாடியில் அவர் தெரிந்தார். கண்கள் திறந்திருந்தன. என்னைப் பார்க்கவில்லை. தமக்குப் பக்கத்தில், ஒன்றுமில்லாத தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டேன். பிறகு நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை.

அவர் வீட்டு முற்றத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தேன். ரப்பரில் இரண்டு உள்ளங்கைகளின் ஈரத் தடம்.

"கூப்பிட்டேனே கோயாக்கா?"

"கேட்டுச்சு."

இறங்கி வீட்டுக்குள் போய்விட்டார். பயத்தைப் பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். அந்த ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் வைக்க அதில் ஒன்றும் அகப்படவில்லை.

சாயங்காலம் ஹல்வாவை அழைத்துவர ஆலிக்கோயா ஆட்டோ பிடித்து, என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பும்போது, நஃபீசத்தாவும் நானும் பக்கத்தில் இருக்க, கூடையை மடியில் வைத்து, இரண்டு கையாலும் சுற்றிப் பிடித்துக்கொண்டார். கிளம்பியதுமே ஹல்வா ஊரைக் கூட்டியது.

"காதே போச்சு கோயாக்கா!" என்று கத்தினான் ஆட்டோக்காரன் லத்தீஃப். "உங்க மந்திரமெல்லாம் எங்க போச்சு? பூனை உங்களைத் திட்டுதா, என்னைத் திட்டுதா?"

"ரெண்டு பேரையும்தான். கத்தட்டும். நீ பள்ளத்துல விடாம ஓட்டு."

மாங்காவு தாண்டுவதற்குள் ஹல்வாவுக்குத் தொண்டை கட்டியது. பிறகு முனகல். பிறகு கூடைக்குள் கிடந்த நஃபீசத்தாவின் துணிமேல் தாடையை வைத்துக்கொண்டு வெளியே ஓடும் கடைகளை வேடிக்கை பார்த்தது. நான் அதன் பாதத்தைத் தொட்டுப் பார்த்தேன். உலர்ந்திருந்தது. அதன்பிறகு அடைப்பு வரவில்லை.

இப்போதும் பூனைகளைக் கொண்டுபோகிறார், எல்லாம் லத்தீஃபின் ஆட்டோவில். பூனை கத்துவதால் பாதிப் பேர் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். "வயசாச்சு, கைராசி போயிடுச்சு" என்கிறார்கள். அவர் மறுக்கவில்லை.

ஆம்னியை விலைக்குக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். கொடுக்கவில்லை. ஓட்டவும் இல்லை. ஜூன் மழை தொடங்கியதிலிருந்து அது முற்றத்தில் எல்லாக் கதவுகளும் திறந்தபடி நிற்கிறது. இரவும் பகலும் சாரல் உள்ளே அடிக்கிறது. இருக்கைகள் ஊறிப் பாசி பிடித்துவிட்டன. ஏன் என்று அவர் மனைவி கேட்டுப் பார்த்தார், பள்ளிவாசலில் கேட்டார்கள், நானும் கேட்டேன்.

நேற்று மத்தியானம் நானும் அவரும் அவர் வீட்டுத் திண்ணையில் சுலைமானி டீ குடித்துக்கொண்டிருந்தோம். வெளியே கொட்டிக்கொண்டிருந்தது. குடையோடு போன அடுத்த வீட்டு ஹம்சா, "வண்டி பாழாகுது கோயாக்கா" என்று சொல்லி, நல்ல மனதோடு, திறந்திருந்த பக்கக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போனான். ஆலிக்கோயா தம்ளரைக் கீழே வைத்தார். வெறுந்தலையோடு மழையில் இறங்கிப் போய், அந்தக் கதவைத் திரும்பத் திறந்து, அது தானாகச் சாத்திக்கொள்ளாதபடி ஒரு கல்லை எடுத்து அது ஓடும் தடத்தில் வைத்தார்.