சிலை நிற்கும் ஊர்

சிறிதரன் புறப்பட்டது 2007 தை மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. செவ்வாயில் பயணம் வேண்டாம் என்று பவளராணி சொல்லிப் பார்த்தாள். ஆட்களைக் களவாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் நாள் நட்சத்திரம் பார்க்கிறவன் இல்லை. கொழும்பில், அவர்கள் தங்கியிருந்த வெள்ளவத்தை லொட்ஜ் வாசலில் வான் வந்து நின்றது. தோளில் நித்திரையாகக் கிடந்த சின்ன மகள் மயூராவை மனைவியின் கைக்கு மாற்றிவிட்டு, "போட்டு வாறன் ராணி," என்றான்.

சில கிழமை கழித்து ஒரு போன் வந்தது. உக்ரைன் எல்லையைத் தாண்டி, சிலோவாக்கியாவில் ஏதோ ஒரு கிராமத்தில் நிற்பதாகச் சொன்னான்.

"ஊரின்ர பேர் வாயில வருதில்லை. சந்தியில தாடி வைச்ச ஒராளின்ர சிலை இருக்கு. பெரிய ஆராய்ச்சிக்காரனாம், இங்கதான் பிறந்தவனாம். ஆக்களைவிடப் பனிதான் கூட."

"சாப்பிட்டீங்களோ?"

"ஓம். இப்ப என்ர பேர் என்ன தெரியுமே? செபஸ்தியாம்பிள்ளை அன்ரன். அவங்கள் தந்த பாஸ்போட்டில அப்பிடித்தான். இனி ஞாயிறுப் பூசைக்கும் போகோணும் போல." சிரித்தான். பிறகு குரலைத் தாழ்த்தினான். "உந்தப் பேரை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை. இரவைக்குக் காட்டால நடக்கவேணும். அங்கால போய் போன் எடுக்கிறன்."

எடுக்கவில்லை.

போர் முடிந்தபின், அவுஸ்திரேலியாவில் மெல்பனை அடுத்த ரோவிலில் இருந்த அண்ணன் அருந்தவன் அவளையும் பிள்ளையையும் தன்னிடம் கூப்பிட்டான். ஸ்பிரிங்வேலில் முதியோர் இல்லம் ஒன்றின் குசினியில் அவளுக்கு வேலை. பல்லில்லாதவர்களுக்குக் கரட்டும் உருளைக்கிழங்கும் மசித்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், இன்டர்நெட்டில் அந்தச் சிலையைத் தேடுவாள். சிலோவாக்கியாவில் சிலை இல்லாத ஊர் குறைவு என்று அப்போதுதான் தெரிந்தது. ஓரூரில் கவிஞர் பிறந்திருந்தார், இன்னோர் ஊரில் பாதிரியார், வேறோர் ஊரில் தேனீக்களை ஆராய்ந்த ஒருவர். தாடியும் அநேகமாக எல்லோருக்கும் இருந்தது. பள்ளிக்கூடம் போகும் மயூரா ஒவ்வோர் ஊருக்கும் ஆங்கிலத்தில் எழுதினாள். லுஷ்கோவா என்ற சின்னக் கிராமத்தில், தேனீக்காரர் பிறந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் சுசானா என்ற பெண் மரியாதையாகப் பதில் போட்டாள். சிறிதரன் என்ற பெயரில் ஒருவரையும் தங்களுக்குத் தெரியாதாம்.

பவளராணி பொட்டை அழிக்கவில்லை. தாலியைக் கழற்றவில்லை.

"திதி தெரியாட்டி ஆடி அமாவாசைக்குச் செய்யலாமெண்டு ஐயர் சொல்லுறார், தங்கச்சி," என்று அருந்தவன் ஒருமுறை மெல்லச் சொன்னான்.

"உயிரோட இருக்கிற மனிசனுக்கு ஆர் எள்ளுத்தண்ணி இறைக்கிறது, அண்ணை?"



மயூரா வளர்ந்து, சிட்னி நார்த்மீட்டைச் சேர்ந்த கீர்த்தனனை விரும்பினாள். இரு வீட்டாருக்கும் சம்மதம். அழைப்பிதழ் அடிக்கும் வேளையில் கீர்த்தனனின் தாய் போன் எடுத்தாள். தப்பான மனுசி இல்லை. தயங்கித் தயங்கித்தான் கேட்டாள்: "அப்பான்ர பேருக்கு முன்னால திரு எண்டு போடுறதோ, அமரர் எண்டு போடுறதோ?"

பவளராணி போனை வைத்துவிட்டாள்.

அந்த ஞாயிறு தாயும் மகளும் குசினி மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

"அம்மா, அவை என்ன நினைச்சாலும் ஐ டோன்ட் கெயார். எனக்குத் தெரியவேணும். அப்பா கடைசியா என்ன கதைச்சவர்? ஜோக் அடிச்சவர் எண்டாலும் சொல்லுங்கோ."

பவளராணிக்குச் சிரிப்பு வந்தது. "பூசைக்குப் போகோணும் எண்டவர். அன்ரன் எண்டெல்லோ அவருக்குப் பேர் மாத்திவிட்டவங்கள்."

மயூரா கத்தியை வைத்தாள். "என்ன பேர்?"

சொன்னபிறகுதான், இத்தனை வருடமும் பூட்டி வைத்ததை வாய் விட்டுவிட்டது என்று பவளராணிக்கு உறைத்தது.

"அப்பாவைத் தேடித் தரச்சொல்லிக் கேட்ட செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் இந்தப் பேரைச் சொல்லேல்லையா? ஏன் அம்மா?"

"சொல்லவேண்டாமெண்டவர். அந்தப் பேரில எங்கயாவது ஒளிச்சு இருந்தாரெண்டால், நானே பிடிச்சுக் குடுத்தமாதிரி ஆகிடும் பிள்ளை."

மயூரா எழுந்து வந்து தாயின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்தாள். அன்றே எல்லா ஊர்களுக்கும் புதிய பெயரோடு மறுபடி எழுதினாள்.

மாதங்கள் போயின. அழைப்பிதழ் அச்சுக்குப் போகாமலே கிடந்தது. ஸ்பிரிங்வேல் பஸ் தரிப்பில் மரக்கறிப் பையோடு நின்றபோது பவளராணியின் போனுக்கு, மயூரா தமிழாக்கிய ஒரு செய்தி வந்தது.

"அன்புள்ள மயூரா, மன்னித்துக்கொள்ளுங்கள், அந்த முறை நீங்கள் கேட்ட பெயர் வேறு. அன்ரன் எங்கள் தேவாலயத்துக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். 2007 பெப்ரவரி 9 காலையில், விறகுக்குப் போனவர்கள் காட்டுப் பாதையில் அவரைக் கண்டார்கள். குளிரால் இறந்ததாக டொக்டர் சொன்னார். அந்தப் பாஸ்போட்டுக்கு உரிய உண்மையான அன்ரன் வேறெங்கோ உயிரோடு இருப்பதாகத் தூதரகம் சொல்லிவிட்டது. வேறு யாரும் வராததால் ஊரே அடக்கம் செய்தது. ஒவ்வொரு நவம்பரிலும் இறந்துபோன எங்கள் ஆட்களுக்கு விளக்கேற்றும்போது அவருக்கும் ஒன்று ஏற்றுகிறோம். வருவதானால் காலைப் பஸ்ஸில் வாருங்கள். பின்னேரம் பஸ் இல்லை. சுசானா."