நாலரை நட்சத்திரக் கடையில் எழுதிய கடிதம்

“எழுத்துக் கூட்டிப் படிக்கறவளை நம்பிப் பட்டணம் போறியே, சோத்துக்கு என்னடா பண்ணுவே?”

பெரியப்பா அப்பாவிடம் இப்படிக் கேட்டபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பவள் என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எட்டாம் வகுப்பில் நான் முதல் மாணவி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளும் நான்தான்.

சென்னையில் சிறுதானியக் கண்காட்சி நடக்கவிருந்தது. கொல்லிமலையின் சாமை, கேழ்வரகு, மிளகு ஆகியவற்றை அங்கே கொண்டுபோய் வைக்க, வேளாண் அலுவலர் அப்பாவைத் தேர்ந்தெடுத்திருந்தார். அப்பாவுக்குப் படிக்கத் தெரியாது. அதனால் துணைக்கு நான்.

“போயிட்டு வந்து பாக்கலாமுங்கண்ணா. என்னைத் தொலைக்காம, பட்டினி போடாமக் கூட்டிட்டு வந்துட்டாள்னா பாரத்துல கையை வெச்சுடறேன்” என்றார் அப்பா.

நாமக்கல்லில் விடுதியில் தங்கி ஒன்பதாவது படிப்பதற்கான விண்ணப்பம் அது. ஒரு மாதமாக அப்பாவின் கைநாட்டு இல்லாமல் பரண் மேல் கிடந்தது.

கண்காட்சியில் இரண்டு நாட்கள் சாப்பாட்டுச் சீட்டு கொடுத்தார்கள். மூன்றாம் நாள் நண்பகலோடு எல்லாம் முடிந்தது. ஊருக்கு பஸ் மாலையில்தான். நடுவில் இருந்த அந்த ஒரு வேளைச் சோறு என் பொறுப்பு.

தெருவில் இறங்கியதும் எனக்குத் தலை சுற்றியது. பெயர்ப்பலகைகளைப் படிப்பதில் ஒரு சிரமமும் இல்லை. ஆனால் எல்லாக் கடையிலும் ‘உயர்தர உணவகம்’ என்றே எழுதியிருந்தது. எல்லாமே உயர்தரம் என்றால் நல்ல கடை எது? ஒரு கடை தன்னை ஆந்திரா என்றது, எதிர்க்கடை கேரளா என்றது. நாங்கள் சென்னையில்தானே இருக்கிறோம்?

கண்காட்சிக்கே திரும்பிப் போய், எங்களுக்குப் பக்கத்து மேசையில் நின்றிருந்த கல்லூரி அக்காவிடம் கேட்டேன். அவர் தன் போனைத் தடவி, “இது நாலரை ஸ்டார்ம்மா, கண்ண மூடிக்கிட்டுப் போகலாம்” என்று ஒரு கடையைக் காட்டி, வழியும் சொன்னார்.

“நாலரையா? அரை நட்சத்திரம் எப்படியிருக்கும்? யாரு போட்டது கண்ணு?” என்றார் அப்பா.

“அங்க சாப்பிட்டவங்க போட்டதுங்கப்பா. நல்லாருந்துச்சுன்னு சொல்றாங்க.”

“நல்லாருந்தா ஆக்குனவங்ககிட்டச் சொல்லோணும். ஊருக்கெல்லாம் எதுக்குச் சொல்றாங்க?”

எங்கள் பக்கத்தில் யார் வீட்டில் சாப்பிட்டாலும், கை கழுவியதும் அடுப்படிக்குப் போய் ஆக்கியவரிடம் “வயிறு நெறஞ்சுதுங்க” என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் வந்தால், சாப்பாடு சரியில்லை என்றுதான் அந்த வீட்டில் நினைப்பார்கள்.

அந்தக் கடையின் பலகையில் ‘இந்தியன் ரெஸ்டாரன்ட்’ என்று ஆங்கிலத்தில் இருந்தது. இந்தியாவுக்குள் இருக்கும் கடைக்கு இது எதற்கு என்று குழம்பினேன். பிறகு, பள்ளியில் தினமும் ‘இந்தியா எனது நாடு’ என்று உறுதிமொழி சொல்பவள் என்ற தைரியத்தில் உள்ளே நுழைந்தேன். உள்ளே மார்கழி மாதம் போலக் குளிர்ந்தது. பட்டியலிலிருந்த பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாவற்றையும் படிக்க முடிந்தது, எதுவும் சாப்பாடாகத் தெரியவில்லை. கடைசியில் தால் என்பது பருப்பு என்று நினைவு வந்து, ரொட்டியும் தாலும் சொன்னேன்.

அப்பா ரசித்துச் சாப்பிட்டார். எனக்கு உயிர் வந்தது. பாரத்தில் கைநாட்டு விழுந்த மாதிரியே இருந்தது. அப்போதுதான் அவர் எழுந்து கை கழுவிவிட்டு, நேராகச் சமையலறைப் பக்கம் நடந்தார்.

கோட்டுப் போட்ட மேலாளர் ஓடி வந்து குறுக்கே நின்றார். “இன்னா சார், எதுனா ப்ராப்ளமா?”

“இல்லீங்க. ஆக்குனவங்களப் பாக்கோணுமுங்க.”

அப்பாவின் கழுத்தில் அரசு முத்திரை போட்ட கண்காட்சி அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. மேலாளர் அதைப் பார்த்தார். குரல் இறங்கியது. “முடி கிடி இருந்துச்சா சார்?”

“அட, அதெல்லாமில்லீங்க. பாத்துட்டுப் போயிடறனுங்க.”

மேலாளர் எங்களைத் திரும்ப உட்கார வைத்தார். சூடாக வேறு ரொட்டியும் தாலும் வந்தன. கொடுப்பதை வேண்டாம் என்பது மரியாதையில்லை என்று அப்பா அதையும் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, “ஏனுங்க, இப்பவாச்சும் அவரைக் காட்டுவீங்களா?” என்றார்.

“எதுவா இருந்தாலும் இதுல எழுதிக் குடுத்துருங்க சார்” என்று மேலாளர் ஒரு நோட்டை நீட்டினார். அப்பா அதை என் பக்கம் தள்ளிவிட்டுச் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார். என் மகள் எழுதுவாள் என்ற பார்வை.

எனக்குத் தெரிந்த கடிதம் ஒன்றுதான். தெருவிளக்கு எரியவில்லை என்று அதிகாரிக்கு எழுதும் கடிதம். தேர்வில் அதற்கு முழு மதிப்பெண் வாங்கியிருந்தேன். அதே முறைப்படி, அனுப்புநர், பெறுநர், பொருள் எல்லாம் போட்டு, பருப்பு நன்றாக இருந்தது என்று எழுதினேன். கடிதத்தை முடிக்க எனக்கு வேறு வரி தெரியாது. ‘ஆகவே, சமைத்தவர் மீது தக்க நடவடிக்கை எடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்தேன். கையெழுத்து அச்சுப் போல இருந்தது.

மேலாளர் மேலே படித்தாரோ இல்லையோ, அவர் விரல் கடைசி வரியில் நின்றது. விறுவிறுவென்று உள்ளே போனார். திரும்பி வந்தபோது பின்னால் ஒல்லியான, நரைத்த மனிதர் ஒருவர் வந்தார். எங்கிருந்து வந்தவரோ, மேலாளர் அவரை வேறு ஏதோ மொழியில் வைதுகொண்டே வந்தார். அவர் எங்களைப் பார்த்ததும் கைகூப்பினார். அப்பா மலர்ந்த முகத்தோடு, “வயிறு நெறஞ்சுதுங்க” என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார்.

அந்த மனிதர் முகம் வெளுத்துவிட்டது. வயிற்று வலி என்று நினைத்திருக்க வேண்டும். அவர் கண்களில் நீர் வந்தது.

“ஏஞ்சாமி அழுகறாரு? நீ சொல்லு கண்ணு, உனக்குத்தான் இங்கிலீசு தெரியுமில்ல” என்றார் அப்பா.

‘குட்’ என்று ஒரு சொல் போதும். எனக்கு அது ஒன்றாம் வகுப்பிலிருந்து தெரியும். ஆனால் பக்கத்து மேசைகளில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தப்பாகச் சொல்லிவிட்டால்? நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பா மீதியிருந்த ரொட்டித் துண்டால் தட்டைத் துடைத்து, அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டுக்கொண்டார். அவருக்குப் புரிந்ததா என்று பார்ப்பதற்குள் மேலாளர் அவர் தோளைப் பிடித்து உள்ளே தள்ளினார். பிறகு என் கடிதத்தை நோட்டிலிருந்து கிழித்தெடுத்து, நான்காக மடித்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது வேறு கதை. “புள்ள ஒரு தாள் எழுதுச்சுங்கண்ணா. யாரையும் உள்ள விடாத அடுப்படி. உள்ள இருந்த மனுசனே எந்திரிச்சு வெளிய வந்துட்டாரு.”

“எழுதுனதும் வந்துட்டானாக்கும்? பெரிய கலெக்டரு” என்றார் பெரியப்பா.

மறுநாள் காலையில் அப்பா பாரத்தில் கைநாட்டு வைத்தார். நான் நாமக்கல் போனேன். பள்ளி முடித்தேன், கல்லூரி முடித்தேன். நான் ஊருக்கு வந்த ஒவ்வொரு முறையும் அப்பா அந்தக் கதையைச் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டு கேட்டேன்.

அந்தச் சமையல்காரர் எதற்குப் பயந்தார் என்று அன்று எனக்குத் தெரியவில்லை. கழுத்தட்டையைப் பார்த்துப் பயந்தார் என்று நினைத்தேன். கிழித்தெடுத்த தாளை ஒருவர் ஏன் பத்திரமாக மடித்து வைக்க வேண்டும் என்று யோசிக்கவில்லை. நான் எழுதிய ஒரு வரியால் இன்னொருவருக்குச் சம்பளமே போகக்கூடும் என்பது, நானே ஒரு மேலாளருக்குக் கீழே வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் உறைத்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசி வரியையும், சொல்லாமல் விட்ட அந்த ஒரு சொல்லையும். அவர் உதிர்த்துக்கொண்டிருந்த மிளகுக் கொத்தைக் கீழே வைத்தார்.

“அப்ப அந்த மனுசன் வேலை என்னாச்சு கண்ணு?”

“தெரியலைங்கப்பா.”

வரும் சனிக்கிழமை சென்னை பஸ்ஸில் இரண்டு இடம் போட்டுவிட்டேன்.